சுடலைமுத்து படித்த பேப்பர்

என் அருமைப் புளுகன் சுடலைமுத்துவுக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. செத்துப் போனவனிடம் நலம் விசாரிக்கிற அளவுக்கு எனக்கு இன்னும் படிப்பு முற்றவில்லை.

முதலில் இந்த எழுத்தைப் பார். இது என் கையெழுத்து. ஆயுள் முழுக்கத் தோல் வெட்டிய கை எழுதியது. என் பெயரில் முதல் எழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, நடு எழுத்து குடை பிடித்துக்கொண்டு நிற்கிறது, கடைசி எழுத்து மட்டும் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது. மூன்றும் சேர்ந்தால் மைதீன். அதை எழுதிவிட்டு டீ ஆறிப்போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ இருந்திருந்தால் “கோழி கிளறுன மாதிரி இருக்குல” என்றிருப்பாய். கிளறினால் என்ன, என் கோழி.

பம்பாய் மாதுங்காவில் எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிற ஜானகி மாமி, வகுப்பில் உள்ள எல்லோரும் இறந்துபோன ஒருவருக்குக் கடிதம் எழுத வேண்டும், அதைச் சின்னப் புத்தகமாகப் போடப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எழுதுகிறார்கள். எழுதும்போதே அழுது தாளை நனைத்துவிட்டு வேறு தாள் கேட்கிறார்கள். என் தாள் காய்ந்தே இருக்கிறது. உன்னை நினைத்தால் எனக்கு அழுகையா வரும்? ஆத்திரம்தான் வருகிறது, சிரிப்புதான் வருகிறது.

புத்தகத்தைப் படிக்கப் போகிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. அதனால் சொல்லிவிடுகிறேன். நீ மாதுங்கா மார்க்கெட்டில் வாழை இலை விற்றவன். நான் தாராவியில் தோல் பைப் பட்டறையில் வேலை பார்த்தவன். இருவரும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மீசை முளைக்கும் முன்பே ரயிலேறி வந்தவர்கள். உன் வீடு சுடலைமாடனைக் கும்பிடுகிற வீடு, என் வீடு தொழுகிற வீடு. ஆனாலும் நான் உனக்கு மாப்பிள்ளை, நீ எனக்கு மாப்பிள்ளை. யார் யாருக்குப் பெண் கொடுத்தது என்று இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை. நீ ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். நான் பள்ளிக்கூடத்துச் சுவரில் சாய்ந்துகூட நின்றதில்லை. இந்த ஒரு வித்தியாசத்தை வைத்துக்கொண்டு நீ என்னை ஆயுள் முழுக்க ஏமாற்றினாய்.

அதற்கு வருகிறேன். முதலில் உன் பேனர்.

நீ செத்த மறுநாளே தொண்ணூறடி ரோட்டில் அதைக் கட்டிவிட்டார்கள். தாராவியில் எத்தனையோ கண்ணீர் அஞ்சலி பேனர்களுக்குக் கீழே நான் நடந்திருக்கிறேன். படத்தைப் பார்த்து, இன்னார் போய்ச் சேர்ந்தார் என்று தெரிந்துகொண்டு போய்விடுவேன். எழுத்தெல்லாம் படத்தைச் சுற்றி மொய்க்கிற ஈ போல எனக்கு. இந்த முறைதான் நின்று படித்தேன். நடுரோட்டில் விரலை ஆகாயத்தில் நீட்டிக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன். ஆட்டோக்காரன் ஒருவன் நான் ஏதோ நட்சத்திரம் காட்டுகிறேன் என்று அவனும் மேலே பார்த்தான்.

என்ன எழுதியிருந்தார்கள் தெரியுமா? ‘சாந்த சொரூபி.’ ‘அதிர்ந்து பேசாத அண்ணல்.’ ‘பண்பின் சிகரம்.’

எனக்குப் படிப்பின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. எழுத்துக் கூட்டுவதில் எங்கோ தப்புப் பண்ணுகிறேன் என்று மறுபடி முதலிலிருந்து படித்தேன். மறுபடியும் அதிர்ந்து பேசாத அண்ணல்தான். நீ இலைக்கட்டை இறக்கும்போது போடுகிற சத்தத்துக்குப் பயந்து பக்கத்துப் பூக்கடைக்காரி கடையையே எதிர்ப்பக்கம் மாற்றிக்கொண்டாள். கிழிந்த இலை கொடுத்தாய் என்று ஒரு கல்யாணச் சமையல்காரர் சண்டைக்கு வந்தாரே, அவரை நீ திட்டிய திட்டில் பாதியை அவர் தன் ஆட்களைத் திட்டுவதற்காக மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனார். பண்பின் சிகரமாம். அந்தச் சிகரத்திலிருந்து உருண்டு விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்கல்லவா தெரியும்.

படம் அதற்கு மேல். உன் தலையை வெட்டி, கோட்டும் டையும் போட்ட எவனோ ஒருவன் கழுத்தில் ஒட்டியிருந்தார்கள். வெற்றிலைக் கறைப் பல்லை எல்லாம் வெள்ளையடித்திருந்தார்கள். உனக்குப் பின்னால் ஓர் அருவி கொட்டியது. பேனர் கடைக்காரனிடம், “இது எந்த ஊரு அருவிப்பா?” என்று கேட்டேன். “அது கம்ப்யூட்டர்ல இருக்கிற அருவி, சாச்சா” என்றான். உன் படத்துக்கு மேலே உன்னைவிடப் பெரிதாக உள்ளூர்த் தலைவர் ஒருவர் கும்பிட்டுக்கொண்டு சிரித்தார். செத்தது அவர்தான் என்று நினைத்துச் சிலர் சந்தோஷப்பட்டதாகவும் கேள்வி.

இவ்வளவும் உன் மகன் முருகேசன் செய்தது. இதை நான் தைரியமாக எழுதலாம், அவன் படிக்கமாட்டான். நீதானே ஆண்பிள்ளை என்று அவனை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாய். பெண் பிள்ளைக்கு என்ன, கார்ப்பரேஷன் தமிழ்ப் பள்ளிக்கூடம் போதும் என்று மகள் பேச்சியம்மாளை அங்கே தள்ளினாய். அப்புறம் அவளுக்குச் சமைக்கத் தெரிந்ததும் திருநெல்வேலியில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து ரயிலேற்றி அனுப்பினாய். தாராவியில் பிறந்து, தாராவியில் பாண்டி விளையாடிய பிள்ளை, வி.டி. ஸ்டேஷனில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதது. “ரெண்டு நாள்ல சரியாயிரும்” என்றாய். நீ ஒன்றும் பெரிய மகான் இல்லை என்று பேனருக்குக் கீழே ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருப்பேன். இடம் இல்லை, அருவி வாங்கிக்கொண்டது.

சரி, நீ என்னை ஏமாற்றிய கதை.

தினமும் காலையில் டீக்கடைப் பெஞ்சில் நீ தமிழ்ப் பேப்பரை விரிப்பாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன். எப்பேர்ப்பட்ட பேப்பர் அது. ஒரு கோயில் யானை மந்திரிக்கு ஆசி கொடுக்க மறுத்து, மறுபடி கூப்பிட்டதும் அவர் தொப்பியைப் பிடுங்கித் தின்றது. ஓடுகிற ரயிலில் ஒருத்திக்குப் பிள்ளை பிறக்க, டிக்கெட் பரிசோதகர் பிள்ளைக்கும் டிக்கெட் கேட்க, பெட்டியில் இருந்தவர்கள் எல்லாம் சேர்ந்து அவரைச் சோலாப்பூரில் இறக்கிவிட்டார்கள். ராசிபலனும் படிப்பாய். எனக்கு ஏதுடா ராசி என்றால் “பேப்பர்காரன் எல்லா மதத்துக்கும் போட்டிருக்காம்ல” என்பாய். தினமும் என் ராசிக்கு ஒரே பலன்: இன்று நெருங்கிய நண்பருக்கு டீ வாங்கிக் கொடுத்தால் நன்மை உண்டாகும். நானும் வாங்கிக் கொடுத்தேன். மூடன்.

பம்பாயில் மதக் கலவரம் நடந்த நாட்கள் உனக்கு நினைவிருக்கும். கடை இல்லை, பேப்பர் இல்லை. நீ உன் வீட்டில் இருக்காமல் என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டாய். பகலெல்லாம் உட்கார்ந்திருந்தாய். என் பிள்ளைகள் உள்ளே நடுங்கிக்கொண்டிருந்தார்கள். பரணில் கிடந்த ஒரு பழைய பேப்பரை விரித்து நீ சத்தமாகப் படித்தாய்: கத்தரிக்காய் விலை இறங்கியது, மாதுங்காவில் ஒரு பூனை நான்கு குட்டி போட்டது, தாயும் சேயும் நலம், பம்பாயில் இன்று விசேஷமாக ஒன்றும் நடக்கவில்லை. வெளியே புகை நாற்றம் அடித்தது. பிள்ளைகள் பூனைக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு நமக்கு வயதாயிற்று. சர்க்கரை வியாதி உன் கண்ணைத் தின்றது. பேப்பர் மங்கியது, அப்புறம் மறைந்தது. நீ பெஞ்சில் வந்து சும்மா உட்கார்ந்திருப்பாய். பேப்பர் மடித்தபடி கிடக்கும். அந்தக் கொடுமையைப் பார்க்கப் பொறுக்காமல்தான் உனக்குத் தெரியாமல் மாதுங்காவுக்குப் படிக்கப் போனேன்.

அங்கே என்ன படித்தேன் என்கிறாய்? ‘பசு பால் தரும்.’ இந்த வயதில், பஸ் ஏறிப் போய், மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பசு பால் தரும் என்று தெரிந்துகொண்டேன். ஜானகி மாமியிடம் கேட்டேன், “இது எனக்கு முன்னமே தெரியும்மா. தெரியாதது ஒண்ணு எழுதுங்க.” அவர் சிரிக்கவில்லை. “மைதீன் சார், மொதல்ல பசுவைப் படியுங்கோ. வரியிலேர்ந்து விரலை எடுக்கப்படாது. விரலை எடுத்தா எழுத்து ஓடிப்போயிடும்” என்றார். நல்ல அம்மாள். ஆனால் அந்தப் புத்தகத்தை எழுதியவன் ஒரு பசுவையும் கறந்திருக்கமாட்டான்.

எழுத்துக் கூட்டப் பழகியதும் ஒரு நாள் உன் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பரை நானே விரித்தேன். ஞாபகம் இருக்கிறதா?

“மா... ந... க... ராட்சி... குடி... நீர்... கு... ழாய்...”

நீ திடுக்கிட்டுத் திரும்பினாய். “ஏல, யாருல படிக்கது?”

“நான்தாம்ல.”

“நீயா? எங்க, மேல படி.”

“குழாய்... ப... ரா... ம... ரிப்பு...”

“நிறுத்துல. அந்தக் குழாய்ல தண்ணி வாரதுக்குள்ள நான் செத்துருவேன்.”

நான் விடவில்லை. மறுநாளும் படித்தேன். அதற்கு மறுநாளும். குழாய், தங்கம் விலை, யாரோ யாரையோ கண்டித்து அறிக்கை, யாரோ யாருக்கோ பொன்னாடை. ராசிபலனைத் தேடிப் படித்தேன். டீ பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் கேட்டேவிட்டேன். “ஏன் மாப்ள, இப்பல்லாம் பேப்பர்ல யானையே வரமாட்டேங்குதே?”

நீ சிரித்தாய். இருமல் வந்து, கண்ணில் நீர் வந்து, கடைக்காரர் ஓடி வந்து முதுகைத் தடவுகிற வரைக்கும் சிரித்தாய். “யானை எங்கிட்டல்லால இருக்கு. பேப்பர்ல எங்க இருக்கு?”

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. சோலாப்பூர், தொப்பி, என் ராசி எல்லாம் நீ உட்கார்ந்த இடத்தில் சமைத்தது. இத்தனை வருடமாக நான் பேப்பர் கேட்கவே இல்லை. உன்னைத்தான் கேட்டிருக்கிறேன். அச்சில் வருகிற பேப்பர் இவ்வளவு கேவலமாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் படிக்கவே போயிருக்கமாட்டேன்.

“என்னை ஏமாத்திட்டியேல” என்றேன்.

“உள்ளத உள்ளபடி படிக்கதுக்கு மனுசன் எதுக்குல? அதான் அச்சு இருக்கே. நீ மொதல்ல வரியில இருந்து வெரல எடு.”

எனக்கு வரவில்லை. விரலை எடுத்தால் எழுத்து ஓடிவிடும் என்று பயம். ஆஸ்பத்திரியிலும் உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து விரலை வைத்துத்தான் படித்தேன். நீ பக்கத்துக் கட்டில்காரரிடம், “இவன் படிச்சா மரணச் செய்தியே செத்துப் போகும், கேளும்” என்றாய். உன் வாய்க்கு மட்டும் எந்த வியாதியும் வரவில்லை.

அந்த ஆஸ்பத்திரியில்தான் நான் இப்போது சொல்லப்போவது நடந்தது.

உன் பேத்தி இசக்கி, முருகேசனின் மகள், விக்ரோலியில் ஃபாக்டரி வேலை முடிந்து நேராக உன்னைப் பார்க்க வருவாள். அங்கே அவளை இஷா என்றுதான் கூப்பிடுகிறார்களாம். எந்தப் பெயராக இருந்தால் என்ன, ஒரு பெரிய மெஷினை அவள் ஓட்டுகிறாள். கனமான பூட்ஸ் போட்டிருப்பாள். வார்டுக்குள் அவள் நுழைந்தால் நர்ஸுகள்கூட வழி விடுவார்கள். அவள் போனபிறகு நீ சொன்னாய்:

“மைதீனு, அவ நடைச் சத்தத்தக் கேட்டியா? ரோட்டையே வெலைக்கு வாங்குனவ மாதிரி வாரா. பேச்சிய நான் பார்சல் கட்டி அனுப்புனேன். இவள எவனும் எங்கயும் அனுப்பக் கூடாது. போகணும்னா அவளே போவா, வரணும்னா அவளே வருவா.”

இதை நான் காதால் கேட்டேன். வேறு யாரும் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் உன் பேச்சிலிருந்து தப்பிக்கத் தூங்குவது போல நடித்துக்கொண்டிருந்தார்.

நீ போன சில நாளிலேயே முருகேசன் ஒன்று சொல்ல ஆரம்பித்தான். பேச்சியம்மாள் மகன் கணேசனுக்கு இசக்கியைக் கட்டிக் கொடுக்க வேண்டும், அதுதான் அப்பாவின் கடைசி ஆசை, தன்னிடம் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார் என்று. பிள்ளைகள் சின்னதாக இருந்தபோதே அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தானாம். பம்பாயில் உள்ள நம் ஊர்க்காரர்கள் சங்கத்தில் துணைச் செயலாளராக வேறு ஆகியிருக்கிறான். வாக்குத் தவறாதவன் என்று அங்கே பெயர் எடுக்க வேண்டும். வாக்கு அவன் கொடுத்தது, அனுப்புவது பிள்ளையை. கணேசன் மேல் எனக்குப் புகார் இல்லை. திருநெல்வேலியில் செல்ஃபோன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற சாதுவான பையன். அவனிடமும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இசக்கி டீக்கடைக்கே வந்துவிட்டாள். ஷிஃப்டுக்குப் போகிற வழியில், பூட்ஸோடு, என் முன்னால் நின்றாள். அவள் தமிழில் பாதி இந்தி: சச் என்றால் உண்மை, லேகின் என்றால் ஆனால்.

“பாய் தாத்தா, சச் சொல்லுங்க. தாத்தா அப்படிச் சொன்னாரா?”

“சொல்லல தாயி. அவன் சொன்னது வேற.” நீ சொன்னதைச் சொன்னேன்.

“அப்பா சொல்றார், நீங்க டீ வாங்கக் கீழ போயிருந்தப்ப சொன்னாராம். நீங்க போனீங்கல்ல?”

போனேன். அதுதான் வினை. நீதானே டீ கேட்டாய், சனியனே.

“பாரு தாத்தா,” என்றாள். “அப்பா சொன்னா நான் சண்டை போடுவேன். அத்தை சொன்னாலும் போடுவேன். லேகின் தாத்தா சொன்னாருன்னா நான் யார் கூட சண்டை போட? அவர் சொல்லியிருந்தா நான் போயிடுவேன். வேலைய விட்டுட்டுப் போயிடுவேன்.”

அவள் அழவில்லை. உன் பேத்தி. ஆனால் ரோட்டை விலைக்கு வாங்கினவள் மாதிரி வந்தவள், வாடகைக்கு நடக்கிறவள் மாதிரி திரும்பிப் போனாள். அந்த நடையைக் கேட்க நீ இல்லாததே நல்லது.

பதினாறாம் நாள் படத்திறப்பு. அன்று காலையில் முருகேசன் என்னிடம் வந்தான்.

“மாமா, நீங்க படிப்பீங்களாமே. அப்பாவோட வாழ்க்கைக் குறிப்ப நீங்கதான் படிக்கணும். எனக்குத் தமிழ் வராது. எம் பையனுக்கும் வராது. அப்பாவோட பழைய ஃப்ரெண்டு படிச்சா இம்ப்ரஷனா இருக்கும்.”

ஒரு தாளைக் கொடுத்தான். மொத்தமான தாள், தங்கக் கலரில் கரை. கல்யாணப் பத்திரிகை தோற்றுப் போகும். அவன் ஃபோனில் சொல்லச் சொல்ல பேனர் கடைக்காரன் அலங்காரம் பண்ணி அடித்தானாம். டீக்கடையில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். பேனரில் இருந்த சிகரமும் சொரூபமும் எல்லாம் அதிலும் இருந்தன. கடைசிப் பத்தியில் இது இருந்தது: ‘அன்னார் தமது இறுதி மூச்சின் வேளையில், அருமைப் பேரன் கணேசனுக்கும் அன்புப் பேத்தி இசக்கியம்மாளுக்கும் மணமுடிக்க வேண்டுமெனக் கண்ணீர் மல்க வேண்டிக்கொண்டார்.’

நீ கண்ணீர் மல்கியதாம். வெங்காயம் உரிக்கும்போதுகூடக் கண்ணை மூடிக்கொண்டு திட்டுகிறவன் நீ.

படிக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் சங்கத் தலைவர் படிப்பார். அவர் படித்தால் மைக்கில் கமறிக் கமறிப் படிப்பார். அத்தோடு இசக்கியின் கதை முடிந்தது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

ஹாலில் கூட்டம். திருநெல்வேலியிலிருந்து பேச்சியம்மாள் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தலை நரைத்துவிட்டது. சம்பந்தம் பேசி முடிக்க வந்த முகம் என்று நினைத்து அவளையும் மனசுக்குள் திட்டினேன். இசக்கி கடைசி வரிசையில் சுவரோரம் நின்றாள். சங்கத் தலைவர் வந்து உன் படத்தைத் திறந்தார். அதிலும் அந்தக் கோட்டுதான். உன்னை ஒரு நாளும் பார்த்திராத நாலு பேர் உன் நினைவில் கலங்கினார்கள். ஒருவர் மைக்கில், “அண்ணாச்சி, நீங்கள் அங்கே நலமாக இருக்கிறீர்களா?” என்று உன் படத்தைப் பார்த்துக் கேட்டார். நீ பதில் சொல்லாததற்கு அந்த டைதான் காரணமாக இருக்க வேண்டும், கழுத்தை அப்படி இறுக்கியிருந்தது.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

கண்ணாடியைப் போட்டேன். விரலை வைத்தேன். “அன்... னார்... சா... ந்த... சொ... ரூபி” என்று ஆரம்பித்தேன். மார்க்கெட் ஆட்கள் உட்கார்ந்திருந்த பக்கத்தில் யாரோ புரையேறி இருமினார்கள். பிள்ளைகள் கொட்டாவி விட்டன. நான் ஒவ்வோர் எழுத்தாக ஊர்ந்து கடைசிப் பத்திக்கு வந்தேன். “அன்னார்... தம... து... இறு... தி... மூச்... சின்...”

விரல் அங்கே நின்றுவிட்டது. அடுத்த எழுத்துக்கு நகரவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தேன். கோட்டுப் போட்டவன் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. நீ சொன்னாய். வெரல எடுல என்றாய்.

எடுத்தேன். எழுத்து ஓடிப்போகட்டும் என்று எடுத்தேன். தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு படித்தேன்:

“இறுதி மூச்சின் வேளையில் அன்னார் சொன்னதாவது. எம் மக பேச்சிய நான் பார்சல் கட்டி ரயில்ல அனுப்பினேன். அது நான் செஞ்ச மடத்தனம். எம் பேத்தி இசக்கிய எவனும் எங்கயும் அனுப்பக் கூடாது. அவ பூட்ஸ் போட்டு நடந்து வார சத்தம் இருக்கே, அது எனக்குப் போதும். போகணும்னா அவளே போவா. இதுக்கு மேல எம்பேரச் சொல்லி எவனாவது எதாவது சொன்னா, அவன் வாயில வெத்தல எச்சியத் துப்புவேன். இப்படிக்குச் சுடலைமுத்து.”

மடத்தனம் என்பதும் எச்சில் துப்புவதும் நான் சேர்த்தது. நீ விட்டுப்போனதை நிரப்பினேன். படிக்கப் படிக்க எனக்கே ஆச்சரியம். திக்கவில்லை. நிற்கவில்லை. உன் குரல்கூட வந்துவிட்டது.

மார்க்கெட் ஆட்கள் கைதட்டினார்கள். படத்திறப்பில் கைதட்டலாமா என்று தெரியாமல் மற்றவர்களும் தட்டினார்கள். சங்கத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் எதற்கும் துடைப்பார். முருகேசன் மேடைக்கு ஏறி வந்தான். முகம் கறுத்திருந்தது.

“மாமா, இப்படியா எழுதியிருக்கு?”

“நான் என்னத்தக் கண்டேன்? நீதான அடிக்கச் சொன்ன” என்றேன்.

“நான் இப்படிச் சொல்லவே இல்லையே.”

“அப்ப ஒங்கப்பா கடைசி ஆசைய நீ என்னன்னு சொன்ன? மைக்குல சொல்லு.”

அவன் மைக்கைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். தாளைப் பிடுங்கினான். பிடுங்கி என்ன செய்ய? தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றான். நேராகப் பிடித்திருந்தாலும் அவனுக்கு அதே கதிதான். தன் மகனிடம் நீட்டினான். அந்தப் பையன் தங்கக் கரையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

அப்போது பேச்சியம்மாள் எழுந்து வந்தாள். “இங்க குடு” என்று வாங்கினாள். அவளை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. கார்ப்பரேஷன் பள்ளிக்கூடம் என்று நீ ஏளனமாகத் தள்ளிவிட்ட அதே படிப்பு. அந்தக் குடும்பத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

படித்தாள். மேலிருந்து கீழே படித்தாள். கடைசிப் பத்தியில் அவள் கண் நின்றது. என்னைப் பார்த்தாள். பிறகு சுவரோரம் நின்ற இசக்கியைப் பார்த்தாள்.

“மாமா சரியாத்தான் படிச்சிருக்காவ” என்றாள்.

“அக்கா, நல்லாப் பாரு.”

“பாத்துட்டேன்ல. இது எங்கப்பா பேச்சு. எந்தக் கடையில அடிச்சாலும் இப்படி வராது.”

தாளை நாலாக மடித்தாள். பந்தியில் அவளுக்கு ரயிலில் சாப்பிடக் கொடுத்திருந்த வடையை அதில் வைத்துச் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். தங்கக் கரை போட்ட உன் வாழ்க்கைக் குறிப்பு எண்ணெய் குடித்துக்கொண்டே திருநெல்வேலிக்குப் போனது. அதற்கு அதைவிட நல்ல உபயோகம் கிடையாது.

போகும் முன் ஹால் வாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “மாமா, வெரல் நின்ன எடத்துல இருந்து வேகமாப் படிச்சீகளே, அப்பவே தெரிஞ்சு போச்சு” என்றாள். அவள் செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டு சொன்னாள்: “எனக்கு அன்னைக்கு இப்படிப் படிச்சுக் காட்ட ஒருத்தரும் இல்லியே மாமா.”

அவளைத் திட்டியதை எல்லாம் மனசுக்குள் திருப்பி வாங்கிக்கொண்டேன். அத்தனையையும் உனக்கே அனுப்பி வைக்கிறேன், வாங்கிக்கொள்.

மறுநாள் காலை இசக்கி டீக்கடை வழியாகப் போனாள். வருவதற்கு முன்பே பூட்ஸ் சத்தம் கேட்டது. நின்று கேட்டாள். “பாய் தாத்தா, அந்தப் பேப்பர்ல சச்சியா அப்படி எழுதியிருந்துதா?”

“ஒங்க தாத்தா படிச்சா அப்படித்தான் இருக்கும் தாயி” என்றேன்.

அவள் எனக்கு ஒரு டீ சொல்லிவிட்டுப் போனாள். ராசிபலன் பலித்துவிட்டது, பார்த்தாயா. ஆனால் யானை இன்னும் பேப்பரில் வரவில்லை. குழாய்தான் வருகிறது.

பேனரை நேற்று அவிழ்த்துவிட்டார்கள். மழைக்கு முன்பே ஒருவர் ஒழுகுகிற கூரைக்குக் கேட்டு வாங்கிப் போனார். கோட்டும் டையுமாக நீ இப்போது ஒரு வீட்டின் மேல் மல்லாந்து கிடக்கிறாய். உன் பிழைப்பில் முதல் முறையாக உருப்படியான வேலை.

இந்தக் கடிதத்தை இசக்கியாலும் படிக்க முடியாது. அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். புத்தகம் வந்ததும் அவளைப் பெஞ்சில் உட்காரவைத்து நானே படித்துக் காட்டுவேன். விரல் வைக்கமாட்டேன். இதில் எழுதியிருப்பதைவிட நன்றாகவே படிப்பேன். யானையும் வரும்.

டீ வாங்கிக் கொடுத்தே ஏமாந்த உன் மாப்பிள்ளை,
மைதீன்